உத்தியோகஸ்தர் மீது பிராது

கோட்டூர்புரத்து நேயர் ஒருவர் நமக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். ஸர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் ஓர் ஏழையை அடித்தாலும், அவனுடைய உடைமையைப் பறித்தாலும், அவ்வேழைக்குச் சைதாப்பேட்டைக் கோர்ட்டில் நியாயம் கிடைக்குமா என்று கேட்கிறார். கிடைக்குமென்று சட்டம் சொல்வதாகவும், கிடைத்ததைத் தாம் கண்டதில்லையென்றும் அவரே பதிலையும் சேர்த்து எழுதிவிட்டார். நேயரின் கசப்பை நாம் குறைகூற முற்படவில்லை. ஆனால் தவறு கோர்ட்டில் இருப்பதாக அவர் கருதுவது எமக்குச் சம்மதமன்று. கோர்ட்டு வரையில் போய்ச் சேரும் வழியிலேதான் கோளாறு இருக்கிறது.

தமிழ் நாட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லுவோம். தர்மபுரி ஜில்லா அரூர் தாலுகாவில், சித்தேரி மலையடிவாரத்தில், வாச்சாத்தி என்பது பழங்குடியினர் வாழும் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, வனம், போலீஸ், ரெவினியூ என்ற மூன்று இலாகாக்களின் சிப்பந்திகளும் அவ்வூரில் புகுந்தனர். ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டனர். அதன்பின் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியமானது. அடிபட்டவர்களும் கெடுக்கப்பட்டவர்களுமே கடத்தல் குற்றவாளிகளென்று சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். பிராது கொடுக்கவேண்டியவர்கள் கைதிகளாயினர். அதைப் பதிவு செய்யவேண்டிய இலாகாவின் சிப்பந்திகளே குற்றம் செய்தவர்களுள் இருந்தனர். உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷனில் இந்த வழக்கு எப்படி முளைக்கும்?

மலைவாழ் மக்கள் சங்கத்தாரும், மார்க்ஸிஸ்டு கட்சித் தலைவர் அ. நல்லசிவனும் இதை விடாது தொடர்ந்தனர். சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, மீண்டும் சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்து, 1995-ல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர்: வனத்துறையினர் 155, போலீஸார் 108, ரெவினியூ சிப்பந்திகள் 6. உள்ளூரிலே ஒரு முதல் தகவல் அறிக்கைக்குக்கூட வழியில்லாதிருந்த விஷயத்தில், விசாரணை கைமாறிய பிறகு இத்தனை பேர் அகப்பட்டனர் என்பதை நேயர் கவனிக்கவேண்டும்.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி ஸெஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் காலமாகியிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று ஜட்ஜ் முடிவு செய்தார். பலாத்காரக் குற்றத்துக்காகப் பதினேழு பேரில் பன்னிரண்டு பேருக்குப் பத்து வருஷமும், ஐவருக்கு ஏழு வருஷமும் சிறை. ஜில்லாக் கோர்ட்டுகளுக்கு உத்தியோகஸ்தரைத் தண்டிக்கத் துணிவில்லை என்போருக்கு இதைவிட நல்ல பதில் எம்மிடமில்லை. ஆயினும் பத்தொன்பது வருஷம்! வக்கீல் தொழிலில் பழகிய நமக்கே அந்தக் கணக்கு நாணத்தை உண்டாக்குகிறது. அப்பீல்களை ஹைகோர்ட்டு தள்ளியது 2023 செப்டம்பர் 29 அன்று. நீதிபதி பி. வேல்முருகன் தாமே வாச்சாத்திக்குச் சென்று பார்த்து வந்த பிறகு அளித்த தீர்ப்பு அது. பதினெட்டுப் பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் அவர் உத்தரவிட்டார். அன்றைய கலெக்டர், போலீஸ் ஸூப்பரிண்டெண்டு, ஜில்லா வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். இந்த மூன்று பதவிகளையும் நேயர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். உத்தியோகக் கடமையின் பேரால் செய்த காரியத்துக்காக, ஸர்க்காரின் முன் அனுமதியின்றிச் சில உத்தியோகஸ்தர் மீது கோர்ட்டு வழக்கெடுக்கலாகாது என்ற விதி 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 197-வது பிரிவில் இருந்தது. 1973-ம் வருஷத்துச் சட்டத்திலும் அதே எண்ணில் நின்றது. லஞ்சம் வாங்குவது உத்தியோகக் கடமையாகாது என்று 1948-லேயே பிரிவி கவுன்ஸில் கில் வழக்கில் தெளிவாக்கியது. லாக்கப்பில் அடிப்பது மட்டும் கடமைதானோ என்று நாம் கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில் இவ்விதி 218-வது பிரிவாயிற்று. அனுமதி கேட்டு 120 நாளில் ஸர்க்கார் முடிவு செய்யாவிடில் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அது. பெண்களுக்கெதிரான பலாத்காரம் முதலிய குற்றங்களுக்கு அனுமதியே வேண்டாமென்பது 2013 முதல் உள்ள விதி. இவ்விரண்டையும் நாம் மனமுவந்து வரவேற்கிறோம்.

ஆனால் அதே சட்டம் மற்றோரிடத்தில் ஒரு புதுக் கதவைப் பூட்டியிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் பிராதை ஏற்க மறுத்தால், போலீஸ் ஸூப்பரிண்டெண்டுக்குத் தபாலில் எழுதலாம். அதிலும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எதிரி, கடமையின்போது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் உத்தியோகஸ்தராயின், விசாரணைக்கு உத்தரவிடுமுன் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையைப் பெறவேண்டுமென்றும், உத்தியோகஸ்தர் சொல்லும் ஸமாதானத்தைக் கேட்கவேண்டுமென்றும் 175-வது பிரிவின் நான்காம் உட்பிரிவு கூறுகிறது. மாஜிஸ்திரேட் தாமே பிராதை எடுத்துக்கொள்ளுவதற்கும் 223-வது பிரிவில் இதுபோன்ற நிபந்தனையுண்டு.

பொய்ப் பிராதுகளால் நேர்மையான சிப்பந்திகள் அலைக்கழிக்கப்படக்கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் முற்றிலும் தவறென்று நாம் சொல்லோம். எனினும் 1992-ல் வாச்சாத்திப் பெண்ணொருத்தி சிறையினின்று வெளிவந்து அரூர் மாஜிஸ்திரேட்டின் முன் நின்றிருந்தால், இவ்விதியின்படி யாரிடமிருந்து அறிக்கை வரவேண்டியிருந்திருக்கும்? முப்பத்தொரு வருஷத்துக்குப் பின் எவர் மீது நடவடிக்கை எடுக்குமாறு ஹைகோர்ட்டு சொல்லிற்றோ, அவர்களிடமிருந்துதான்.