இரத்தம் மிகுதலும் நோயே

சோகை என்னும் வியாதியை அறியாதார் நம் கிராமங்களில் இலர். முகம் வெளுத்து மூச்சு வாங்குவோரைக் கண்டால் ‘உடம்பில் இரத்தமில்லை’ என்று எவரும் கூறிவிடுவர். ஆனால் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் பெருகுவதும் ஒரு வியாதியே என்பது அநேகருக்குத் தெரியாது. முகம் சிவந்தவரை ‘நல்ல இரத்தக்களை’ என்று புகழ்வதே வழக்கமாயிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் கணக்குத் தணிக்கைக்காக நான் சென்ற ஒரு சங்கத்தின் பஞ்சாயத்தாரில் ஒருவர் அவ்வாறு புகழப்பட்டவரே. வயது அறுபதுக்கு மேலிருக்கும். குளித்தெழுந்தால் தேகமெங்கும் தாங்கொணாத அரிப்பு, இரவில் உள்ளங்கால் எரிச்சல், ஓயாத தலைவலி. யாவும் உஷ்ணமென்று கருதி எண்ணெய் ஸ்நானம் செய்துவந்தார். தளர்ச்சி நீங்க அயச்செந்தூரமும் உட்கொண்டார். ஒரு நாள் விடியற்காலை வலக்கை விழுந்து வாய் குழறிற்று. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பரீக்ஷித்த பின்னரே காரணம் வெளிப்பட்டது. இன்றும் சங்கத் தஸ்தாவேஜுகளில் அவர் இடக்கையாலேயே கையொப்பமிடுகிறார்.

புருஷர்களுடைய இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 50 லக்ஷம் சிவப்பணுக்கள் உண்டு. ஸ்திரீகளுக்குச் சற்றுக் குறைவு. இவை எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகிச் சுமார் 120 நாள் வாழ்ந்து, பிராணவாயுவைத் தேக முழுமைக்கும் சுமந்து செல்கின்றன. எத்தனை அணுக்கள் வேண்டுமென்று கட்டளையிடுவது குண்டிக்காய். பிராணவாயு குறைந்ததென அது உணர்ந்தால் எரித்ரோபோய்ட்டின் என்னும் பொருளைச் சுரந்து மஜ்ஜையைத் தூண்டும். இவ்வேற்பாட்டை மனத்திற்கொண்டால் காரணங்கள் எளிதில் விளங்கும்.

பேதி, வாந்தி, கடும் வெயில் இவற்றால் தேகத்தின் நீர் வற்றும்போது அணுக்கள் மிகுந்தவைபோல் தோன்றும். இது மெய்யான பெருக்கமன்று. உப்பளத்தில் நீர் வற்ற உப்புத் தெரிவதை ஒக்கும். நீரிழப்பை ஈடு செய்தால் கணக்குச் சரியாகிவிடும்.

மெய்யாகவே பெருகுவதற்குப் பெரும்பாலும் பிராணவாயுக் குறைவே காரணம். பீடி, சுருட்டுப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு, பிராணவாயு அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாட்பட்ட சுவாசாசய நோயும், உறக்கத்தில் குறட்டையோடு மூச்சு தடைப்படுதலும், பிறவியிலேயே உதடு நீலம் பாரித்த குழந்தைகளின் இருதயக் கோளாறும் இவ்வகையே. ஜன்னலில்லாத அடுக்களையில் விறகுப் புகையை ஆயுள் முழுவதும் சுவாசிக்கும் நம் பெண்மக்களின் சுவாசாசயமும் இவ்வாறே கெடுகிறது. இதை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. தென் அமெரிக்காவில் பெரு தேசத்து ஆண்டிஸ் மலைமீது, சுமார் 14,000 அடி உயரத்திலுள்ள செர்ரோ டி பாஸ்கோ போன்ற ஊர்களில் வாழ்வோர் சிலருக்கும் இந்நோய் உண்டு. அதனை 1925-ல் விவரித்தவர் கார்லோஸ் மொங்கே என்ற வைத்தியர். தாழ்நிலத்துக்கு இறங்கினால் அவர்களுக்குக் குணம் காண்கிறது. அன்றியும், குண்டிக்காயில் சில கட்டிகள் உண்டானால் அவை தேவையின்றியே மஜ்ஜைக்குக் கட்டளை அனுப்பும்.

எக்கட்டளையுமின்றி மஜ்ஜை தானே மிதமிஞ்சி உற்பத்தி செய்வது மற்றொரு வகை. பாலிசைதீமியா வீரா என்பது அதன் பெயர். 1892-ல் பிரான்ஸ் தேசத்து வாக்கே என்பவர் இதனை முதன்முதல் எடுத்துரைத்தார். மஜ்ஜையின் அணுவிலுள்ள ஜாக்-2 என்னும் மரபணு மாறுவதே காரணமென 2005-ல் கண்டறியப்பட்டது. இம்மாற்றம் நோயாளிகள் நூற்றுவரில் சுமார் 95 பேரிடம் காணப்படுகிறது. பெரும்பாலும் வயதில் முதிர்ந்தோர்க்கே வரும், தொற்று நோயன்று. குளித்தபின் அரிப்பதும் உள்ளங்கால் எரிவதும் இதன் குறிகள்.

வண்டல் மிகுந்த நீர் சிறு வாய்க்காலில் எங்ஙனம் தேங்குமோ, அங்ஙனமே தடித்த இரத்தமும் நுண்ணிய நாளங்களில் தேங்கி உறையும். மூளையில் உறைந்தால் பக்கவாதம், இருதயத்தில் மாரடைப்பு, காலில் வீக்கமும் வலியும். ஈரல் நாளத்தில் உறைவதும் உண்டு. பாலிசைதீமியாவில் மண்ணீரல் வீங்குவதால் இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்பியதாகத் தோன்றும். கால் பெருவிரல் மூட்டு வீங்கி நோகும். வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிதலும் நேரும். சிலருக்குப் பல வருஷங்களுக்குப் பின் மஜ்ஜை நாராகிப்போதலும், அபூர்வமாக இரத்தப் புற்றுநோயும் உண்டாவதுண்டு.

பாலிசைதீமியாவுக்குச் சிகிச்சை நூதனமானதன்று. வைத்தியர் நாளத்திலிருந்து இரத்தத்தை அளவாக எடுத்துவிடுகிறார். நூறு பங்கு இரத்தத்தில் அணுக்களின் பங்கு 45-க்குக் கீழே இருக்கவேண்டும். 45 முதல் 50 வரை விடப்பட்டவர்களுக்கு இரத்த உறைவும் இருதய மரணமும் ஏறக்குறைய நான்கு மடங்கு நேர்ந்ததாக 2013-ல் இத்தாலிய வைத்தியர்களின் ஆராய்ச்சி காட்டிற்று. சிறு அளவில் ஆஸ்பிரினும், அறுபது கடந்தோர்க்கு ஹைட்ராக்சியூரியா முதலிய மருந்தும் வைத்தியர் உத்தரவின்பேரில் கொடுக்கப்படும். இரத்தம் எடுக்கிறார்களே என்று ஊரில் அட்டை விடுதல் தகாது; அளவறிய வழியில்லை. புகையால் வந்ததாயின் புகையை விடுவதே முதற் சிகிச்சை.

பரீக்ஷைச் சீட்டில் அவ்வணுப் பங்கு புருஷருக்கு 49-க்கும் ஸ்திரீகளுக்கு 48-க்கும் மேற்பட்டிருந்தால் மறுமுறை பரீக்ஷிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து மஜ்ஜைக்கு மூலப்பொருளாதலால், உட்கொள்ளும் செந்தூரத்தையும் டானிக்கையும் மறைக்காது வைத்தியரிடம் எடுத்துக் காட்டுங்கள்.