ஆறு வளைந்தோடும் ஊர்

பழமை பேணுதல் என்பது முன்னோர் பெருமையை மட்டும் பேணுதலா என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக இருந்துவந்தது. தென்கொரியாவிலுள்ள ஹாஹ்வே என்னும் பழைய ஊரைக் கண்டுவந்தபின் அவ்வையம் நீங்கிற்று. விழாமலர் ஒன்றிற் கூறத்தக்க செய்தியாதலின் அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

அந்நாட்டின் தென்கிழக்கே, அந்தொங் நகரைச் சார்ந்தது இவ்வூர். நக்தொங் ஆறு இதனைச் சுற்றி வளைந்தோடுகின்றது. 'ஹா' என்பது ஆறு. 'ஹ்வே' என்பது வளைதல். ஆகவே இது காரணப்பெயர். பூங்சான் ரியூ என்னும் குடியினர் ஏறத்தாழ 600 ஆண்டுகளாக இங்கு வாழ்ந்துவருகின்றனர். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வூரையும் யாங்தொங் என்னும் மற்றோர் ஊரையும் ஒருங்கே உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. இது காட்சிக்கென அமைத்த ஊரன்று. மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர். ஆதலின் காணச் செல்வோர் திறந்திருக்கும் முற்றங்களிலேயே நின்றுகொள்ளல் வேண்டும். அடைத்த கதவைத் தள்ளுதல் பண்பன்று.

ஊரின் நடுவே ஓட்டு வீடுகளும், அவற்றைச் சூழ வைக்கோல் வேய்ந்த சிறுவீடுகளும் உள்ளன. முன்னவை யாங்பான் எனப்பட்ட உயர்குடியினருடையவை. பின்னவை அவர்க்கு ஏவல் செய்தோருடையவை. வீட்டின் அமைப்பு வியக்கத்தக்கது. அடுப்பில் மூட்டிய தீயின் வெம்மை தரைக்கற்களின் கீழுள்ள வழிகளாற் பரந்து, பனிக்காலத்தில் அறைகளைச் சூடாக்கும். கோடைக்கோ பலகைத் தளமிட்ட திறந்த கூடம் உண்டு. கடுங்குளிரையும் கடுவெயிலையும் ஒரு வீடே தாங்குகின்றது.

இவ்வூர் ஈன்ற பெரியோருள் தலையாயவர் ரியூ சொங்-ரியொங் (1542–1607) என்னும் அமைச்சர். 1592ஆம் ஆண்டில் யப்பானியர் படையெடுத்தபோது நாட்டின் ஆட்சிப் பொறுப்பைத் தாங்கியவர் இவர். கடற்படைத் தலைவர் யி சுன்-சின்னின் ஆற்றலை முன்னரே அறிந்து அவரை உயர்பதவிக்குப் பரிந்துரைத்தவரும் இவரே. 1598இற் பதவி இழந்து ஊர் திரும்பியவர், ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள சிறு மனையிலிருந்து 'ஜிங்பிரொக்' என்னும் போர் வரலாற்றை எழுதினார். தம்மைப் புகழ்ந்துகொள்ள அவர் அதனை எழுதினாரல்லர். அரசும் அமைச்சும் செய்த தவறுகளை, தம்முடையன உட்பட, பின்வருவோர் மீண்டும் செய்யாதிருத்தற்பொருட்டு எழுதினார். இன்று அந்நூல் கொரியாவின் தேசியச் செல்வங்களுள் ஒன்று.

இவ்வூரின் மற்றொரு செல்வம் முகமூடிக் கூத்தாகும். பொதுமக்கள் ஆடிய இக்கூத்திலே யாங்பானும் கல்விமானும் நகைப்புக்கு உள்ளாகின்றனர். ஒருவர் தாம் நான்கு நூல்களைக் கற்றதாகக் கூற, மற்றவர் எட்டு நூல்களைக் கற்றதாகப் பெருமை பேசுவார். உலகில் இல்லாத நூல்களையும் கற்றவர் போலும்! ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இக்காட்சி நகையையும் உடன் நாணத்தையும் விளைத்தது. யாங்பான் முகமூடியின் கீழ்த்தாடை தனியே அசைவது. தலையை நிமிர்த்தினால் முகம் சிரிக்கும், தாழ்த்தினாற் சினக்கும். பழைய முகமூடிகள் 1964இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. கொரிய முகமூடிக் கூத்துக்கள் 2022இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றன. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தம்மை எள்ளிய இக்கூத்தை உயர்குடியினர் தடுத்திருக்கலாம், தடுத்திலர். தம் ஊரிலேயே ஆடவிட்டு, பொருளும் உதவினர்.

ஊருக்கு அண்மையில், மலையை நோக்கி ஆற்றங்கரையில் நிற்பது பியொங்சான் கல்விக்கழகம். 1572இல் ரியூ அவர்கள் பழைய பள்ளியொன்றை இவ்விடத்துக்கு மாற்றினார். அவர் மறைந்தபின் மாணாக்கர் அங்கே அவர்க்கு நினைவாலயம் எழுப்பினர். 1871இல் அரசு நாடெங்குமுள்ள இத்தகைய கழகங்களை மூடியபோது 47 மட்டுமே எஞ்சின. இஃது அவற்றுள் ஒன்று. அதன் மேன்மாடத்திற் சுவர்கள் இல்லை. தூண்களினிடையே ஆறும் மலையும் தோன்றுகின்றன. அங்கு நின்றபோது எம் கல்லூரி மண்டபம் நினைவுக்கு வந்தது.

ஆசிரியர்க்கு நினைவாலயம் எழுப்பிய ஊரே அவர் தம் பிழைகளைக் கூறிய நூலையும் காத்தது. உயர்குடியை எள்ளிய முகமூடியையும் காத்தது. புகழை மட்டும் காத்திருப்பின் அவ்வூர் வெறும் கட்டடங்களாகவே எஞ்சியிருக்கும் என்பது எம் துணிபு. விழாக் கொண்டாடும் நாமும் எம் கல்லூரியின் வெற்றிகளை எழுதுவதோடு, செய்யத் தவறியவற்றையும் ஓரேட்டிற் குறித்துவைப்போமாக. நாளை இங்கு பயில வரும் மாணவர்க்கு அவ்வேடே பெரிதும் பயன்படும்.