உப்பு நீர்: மருந்தா, தினசரி பானமா?

மாணவர்களே, தாது உப்பு கலந்த நீரைத் தினமும் ஒரு போத்தல் குடித்தால் உடல் வறண்டு போகாது என்று சொல்லும் காணொளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சிட்டிகை இளஞ்சிவப்பு உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சிறிது தேன், அவ்வளவுதான். செலவும் குறைவு. மலாய் மொழியில் ‘கறுப்பு நீர்’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட நம் ஆயர் ஈத்தாமில், வெயில் நேரத்தில் திடலில் சிறிது நேரம் ஓடினாலே சட்டை நனைந்துவிடுகிறது. ஆகவே, ‘நாமும் தினமும் குடிக்கலாமா?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. விடை காணும் முன், உப்பு நீர் உண்மையிலேயே உயிர்களைக் காத்த ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்வோம்.

1971: முகாமில் ஒரு பெரிய சோதனை

1971-ஆம் ஆண்டு, வங்காளதேச விடுதலைப் போரின்போது, இலட்சக்கணக்கான மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். முகாம்களில் காலரா பரவியது. கடுமையான காலரா வந்தவரின் உடலிலிருந்து ஒரே நாளில் பல லிட்டர் நீரும் உப்பும் வெளியேறிவிடும். அவற்றை ஈடுசெய்ய, நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றுவதே அன்றைய சிகிச்சை. எல்லை நகரமான பொங்காவில் பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலானபிஸின் குழுவுக்கு அந்த மருந்து நீர் போதவில்லை.

அவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை அளந்து பொட்டலம் கட்டச் செய்து, அவற்றைத் தண்ணீரில் கரைத்து நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். தாதியர் போதாததால், நோயாளிகளின் உறவினர்களே ஊட்டினார்கள். அதற்குமுன் முகாமில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, அவருடைய குழு கவனித்த நோயாளிகளிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

சீனி எதற்கு?

‘இழந்தது நீரும் உப்பும்தானே, சீனி எதற்கு?’ என்று கேட்கிறீர்களா? இரகசியமே அங்குதான் இருக்கிறது. நம் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்களில் ஒரு சிறப்புக் கதவு உண்டு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஒன்றாக உள்ளே நுழையும். அவை போகும் பக்கம் நீரும் பின்தொடரும். நீங்கள் பாடத்தில் படித்த ஒஸ்மோசிஸ், அதாவது சவ்வூடுபரவல்தான் இது. இந்த இணைப்பை 1960-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் விளக்கினார்.

காலரா நச்சு, குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. ஆனால் இந்தக் கதவை அது மூடுவதில்லை. அதனால்தான் வயிற்றுப்போக்கு நிற்காதபோதும் இந்தக் கரைசல் உடலுக்குள் சேர்கிறது.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2002-இல் திருத்தி வெளியிட்ட கலவையில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் ஆகியவை உள்ளன. இதில் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல். இரண்டும் சம அளவு!

வீட்டில் செய்வது எப்படி?

இந்தப் பொட்டலம் மருந்தகங்களிலும் கிளினிக்குகளிலும் கிடைக்கும். அதில் எழுதியுள்ள அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத அவசரத்துக்கு வீட்டு முறை இது: கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் நீர், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனி. நன்றாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

அளவில் கவனம் தேவை. உப்பு கூடினால் இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளை உயிரணுக்களிலிருந்துகூட நீரை இழுத்துவிடும். சிறு குழந்தைகளுக்கு இது உயிராபத்து. சீனி கூடினால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு, வயிற்றுப்போக்கு மோசமாகும். கரைசல் கண்ணீரைவிட உப்பாக இருந்தால் குடிக்கக் கூடாது. கைக்குழந்தை, மலத்தில் இரத்தம், சிறுநீரே வராமை, மயக்கம் என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அப்படியானால் தினமும்?

இனி ஒரு சிறு கணக்கு. அரைத் தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 3 கிராம். இந்தக் கரைசலை நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 6 கிராம் உப்பும் 12 தேக்கரண்டி சீனியும் உள்ளே போகும். பெரியவர்கள் நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியப் பெரியவர்களோ சராசரியாக ஏறத்தாழ 8 கிராம் சாப்பிடுகிறார்கள். நாசி லெமாக்கின் சம்பாலிலும் நெத்திலியிலும், கிச்சாப்பிலும், உடனடி மீயிலும் நமக்கு வேண்டிய உப்பு ஏற்கெனவே இருக்கிறது.

காணொளியில் சொல்லும் ஒரு சிட்டிகை உப்பு, ஆரோக்கியமானவருக்கு உடனே கெடுதல் செய்யாது. ஆனால் நன்மையும் இல்லை. நலமாக உள்ள குடல் வெறும் நீரையே நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இளஞ்சிவப்பு உப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். இரும்புச் சேர்மமே அதற்கு அந்த நிறத்தைத் தருகிறது. மற்ற தாதுக்களின் அளவு மிகச் சொற்பம். வாழைப்பழமும் கீரையும் தரும் பொட்டாசியத்தை அதில் எதிர்பார்க்க முடியாது.

வியர்வையில் உப்பு போகிறதே என்பீர்கள். வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. ஆகவே நாம் முதலில் இழப்பது நீரைத்தான். ஒரு மணி நேர விளையாட்டுக்கு வெறும் நீரும் அடுத்த வேளை உணவும் போதும். பல மணி நேரம் வெயிலில் ஓடுபவருக்கும் உழைப்பவருக்கும் மட்டுமே உப்பும் சீனியும் கலந்த பானம் உதவும். உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பு நீர் பருகக் கூடாது.

ஆக, தினமும் தேவை வெறும் நீர். உப்பும் சீனியும் கலந்த நீர், நோய் வரும் நாளில் கைகொடுக்கும் மருந்து.

செய்து பாருங்கள்: வீட்டில் உள்ள உடனடி மீ பொட்டலத்தில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 5 கிராமில் அது எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள்.