வசையில் பிறந்த பாராட்டு

நல்ல தேநீர், இதமான வெயில், பொருத்தமான சட்டை, பண்பான மனிதர் என எதையும் பாராட்டுவதற்கு ஆங்கிலம் பேசுவோர் தயங்காமல் எடுத்தாளும் 'நைஸ்' என்ற பெயரடை, அதாவது ஒன்றின் தன்மையைச் சுட்டும் சொல், தொடக்கத்தில் வசையாகவே வழங்கியது. 'அறியாத' என்று பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் மூடத்தனத்தைக் குறித்து, 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்குள் வந்தது. அறிவியலைக் குறிக்கும் 'சயின்ஸ்' என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே என்பது ஒரு வேடிக்கை. கவிஞர் சாசர் காலத்தில் மடமையைச் சுட்டிய அச்சொல், பின்னர் கூச்சம், எதிலும் குறை காணும் இயல்பு, மென்மை, நுட்பம் என்று பொருள் நகர்ந்து, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் 'இனிய' என்ற பொருளில் நிலைகொண்டது.

இம்மாற்றத்தை நகைச்சுவையாக்கியவர் ஜேன் ஆஸ்டின். அவர் மறைந்த 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' நாவலில், ஆன் ராட்கிளிஃபின் திகில் கதையொன்றை உலகிலேயே மிக 'நைஸ்' ஆன புத்தகம் என்று நாயகி கேத்தரீன் மெச்சும்போது, ஹென்றி டில்னி அதைப் புத்தகக் கட்டின் நேர்த்தி பற்றிய பேச்சாக வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு சீண்டுகிறான். நேர்த்திக்கும் நாசூக்குக்கும் உரிய சொல் எதற்கும் பொருந்தும் புகழாகிவிட்டது என்பது அவன் குறை. குறை நியாயமானதுதான் என்றாலும், அவன் சகோதரி எலினோர் அதே சொல்லை, மிகையாக நுணுக்கம் பார்ப்பவன் என்ற பழைய பொருளில், அவன்மீதே திருப்பிவிடுகிறாள். 1926-இல் ஆங்கில வழக்குகளைப் பற்றிய தம் நூலில் எச். டபிள்யூ. ஃபௌலரும் ஏறக்குறைய டில்னியின் குறையையே எழுப்பினார். சொல் அதைப் பொருட்படுத்தவில்லை.

நுட்பம் என்ற பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று எழுதப்பட்டால் அதை மயிரிழை வேறுபாடு என்றே கொள்ள வேண்டும். பழைய நூலொன்று ஒருவரை உணவில் 'நைஸ்' என்றால், அவர் எளிதில் எதையும் தொடாதவர். தமிழ்ப் பேச்சில் மாவை 'நைசாக' அரைக்கச் சொல்லும்போதும் குறிக்கப்படுவது நுண்மையே. 'நைசாக' நழுவியவனிடம் இருப்பதோ கள்ளத்தனம்.

இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பாதிப் பொருளைக் குரல்தான் தருகிறது. வேலையைக் கெடுத்தவரிடம் சொல்லப்படும் 'நைஸ் வொர்க்' வெறும் குத்தல். 'நைஸ் அண்ட் வார்ம்' என்ற தொடரிலோ, அது தனிப் பாராட்டாக நில்லாமல், கதகதப்பு வேண்டிய அளவுக்கு இருக்கிறது என்பதை மட்டும் அழுத்திக் காட்டுகிறது.