ராட்சத மரங்களின் நடுவே ஓர் இரவு

“ஒரு பெண் தன்னந்தனியாகக் கூடாரம் அடித்துக் காட்டில் தங்குவதாவது!” என்று மூக்கின்மேல் விரலை வைக்காதீர்கள். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தின் வட கோடியில், கூடாரவாசிகளுக்கென்றே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பசிபிக் மகாசமுத்திரம். மறு பக்கம் உலகத்திலேயே உயரமான மரங்கள். மனத்தளவில் நாமும் ஒரு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவோமா?

அந்த மரத்துக்கு ‘ரெட்வுட்’ என்று பெயர். செம்மரம் என்று சொன்னால் நம் திருப்பதிப் பக்கத்துச் செம்மரம் என்று நினைத்துவிடுவீர்கள். இது வேறு ஜாதி. விதை என்னவோ தக்காளி விதை அளவுதான். வளர்ந்து நிற்பதோ 300 அடிக்கு மேல்! சில மரங்களுக்கு வயது இரண்டாயிரத்துக்கும் அதிகம். 2006-ல் கண்டுபிடித்த ‘ஹைபீரியன்’ என்ற மரம் சுமார் 380 அடி. அதைப் பார்க்க ஜனங்கள் போய் அடிமண்ணை மிதித்துப் பாழாக்கியதால், 2022-ல் தடை போட்டுவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை! போகட்டும், மற்ற மரங்களை அண்ணாந்து பார்த்தாலே நம் கழுத்து சுளுக்கிக் கொள்ளும்.

இத்தனை உயர மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் ஆழமாகவும் போவதில்லை. பக்கவாட்டில் ஓடி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக் கொள்கின்றன. வெளியே தனிக்குடித்தனம்; பூமிக்குள்ளே கூட்டுக் குடும்பம்! கோடையில் மழை அரிது. கடலிலிருந்து வரும் மூடுபனிதான் இலைகளில் படிந்து, சொட்டுச் சொட்டாக வேருக்குத் தண்ணீர் வார்க்கிறது.

கூடாரத்தைக் ‘கோல்டு ப்ளஃப்ஸ்’ கடற்கரையில் அடிப்போம். செங்குத்தான மேட்டுக்கும் அலைகளுக்கும் இடையே மணல்வெளி. ‘எல்க்’ என்னும் பெரிய மான்கள் கூட்டமாக மேய வரும். எட்ட நின்று ரசியுங்கள், கிட்டே போகாதீர்கள். கரடிக்கு மோப்பம் அதிகம். தின்பண்டம் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு எதுவும் கூடாரத்துக்குள் கூடாது. கரடி திறக்க முடியாத பெட்டியில் வைத்துவிட வேண்டும். என்றைக்குத் திரும்புவோம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவதும் முக்கியம்.

ஆனால் கரடியைவிடப் பயப்பட வேண்டியது கடலுக்குத்தான். 1964 மார்ச்சில் அலாஸ்காவில் பூகம்பம். பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில், இதே கரையிலுள்ள கிரசென்ட் சிட்டி நகரத்தில் அலைகள் புகுந்தன. முதல் அலைகள் வடிந்ததும், ஆபத்து நீங்கிற்றென்று கடைகளைச் சுத்தம் செய்யச் சிலர் திரும்பினார்கள். பின்னால் வந்த நான்காவது அலைதான் எல்லாவற்றிலும் பெரியது! அந்த நகரில் 11 பேர் மாண்டார்கள். ஆகவே பூமி குலுங்கினால் சாமானைத் தேடாமல் மேட்டுக்கு ஓடுங்கள். அனுமதி கிடைக்கும்வரை இறங்காதீர்கள்.

இந்த மரங்கள் இன்று நிற்பதற்குப் பெண்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், தெரியுமா? திராட்சைக் கொடிக்குக் கொம்பு நடவும், கூரைப் பலகைக்கும் இவற்றை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1919-ல், யுரேகா நகரப் பெண்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். தேசியப் பூங்கா ஏற்பட்டது 1968-ல். பழைய காட்டில் மிஞ்சியது நூற்றுக்கு ஐந்து பங்குதான்!

அடுத்த தடவை தக்காளி நறுக்கும்போது, ஒரு விதையை விரல் நுனியில் எடுத்துப் பாருங்கள். அவ்வளவிலிருந்து வந்த மரம் விழாமலிருக்க, அந்த ஊர்ப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள்.