ஆணைத்தொடரில் திசைச்சொல்

தொல்காப்பியர் சொல்லை நால்வகையாக வகுத்தார். அவற்றுள் இயற்சொல் எல்லார்க்கும் விளங்குவது. திசைச்சொல் தத்தம் நிலத்தார்க்கே உரியது. கணினி மென்பொருளைக் கட்டியமைக்கும் ஆணைத்தொடர்களிலும் இவ்வேறுபாடு உண்டு.

அவ்வாணைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல் ஷெல் எனப்படும். 1989இல் தோன்றிய பாஷ் என்னும் ஷெல், பொது இலக்கணமாகிய பாசிக்ஸிற் காணாத வழக்குகள் பலவற்றை உடையது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் 'எஸ்எச்' என்னும் பொதுப்பெயர் பாஷையே குறித்தமையால், எழுதுவோர் அவ்வழக்குகளைப் பொதுவென மயங்கினர். 2006இல் உபுண்டு 6.10 அப்பெயரை, விரைந்தியங்கும் டாஷ் என்னும் ஷெல்லுக்கு அளித்தது. ஆணைத்தொடர்கள் பல பழுதுற்றன.

சான்றாக, இரு சொற்களை ஒப்பிடப் பாஷ் இரட்டைச் சமக்குறியை ஏற்கும், டாஷ் ஏலாது. பிழையென ஒருவரி உரைத்துவிட்டு, 'ஒவ்வாது' என்னும் வழியே அது மேற்செல்லும். வேண்டிய உறுப்பொன்று விடுபட்டும் வேலை முற்றியதுபோலத் தோன்றும். நின்றுவிடும் பிழையினும் இதுவே கொடிது.

பரிகாரம் மூன்று: பாசிக்ஸ் விதித்த ஒற்றைச் சமக்குறியை எழுதுக, பாஷ் வழக்கு இன்றியமையாததாயின் முதல்வரியிலேயே பாஷ் எனப் பெயர் சுட்டுக, வெளியிடுமுன் டாஷிலும் இயக்கிப் பார்க்குக. முந்தலில் எழுதிய ஆணை மெல்பேணிலும் பிழையின்றி இயங்குதல் வேண்டும். ஆதலின் மாணவர்காள், பலர்க்கென எழுதுங்கால் இயற்சொல்லே எழுதுமின்!