அணுக்கழிவைக் கல்லாக்கும் கலை

எரிந்து முடிந்த அணு எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் அமிலக் கரைசல் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு எனப்படுகிறது. அதிலுள்ள சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டுகள். பிரித்தெடுத்த புளூட்டோனியம்-239இன் அரை ஆயுளோ 24,100 ஆண்டுகள். அத்தனை காலம் தாங்கும் தொட்டி எதுவும் கிடையாது. கதிரியக்கத் தனிமங்களைத் தண்ணீரில் கரையாத திடப்பொருளுக்குள் கட்டிப்போடுவதே பாதுகாப்பின் முதல் படி.

இதற்கு இன்று பெரிதும் பயன்படுவது போரோசிலிகேட் கண்ணாடி. பிரான்ஸின் மார்கூலில் 1978இல் தொழிற்சாலை அளவில் தொடங்கிய இம்முறை, இந்தியாவில் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களிலும் கையாளப்படுகிறது. கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, துருப்பிடிக்காத எஃகு உருளைகளில் வார்ப்பார்கள். ஏறத்தாழ எல்லாத் தனிமங்களையும் கண்ணாடி ஏற்கும் என்பது பெரிய வசதி. ஆனால் உருக்கும் சூட்டில் சீசியத்தில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். புளூட்டோனியமும் மாலிப்டினமும் கண்ணாடியில் கொஞ்சமே கரையும்.

அதே 1978இல், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகப் புவிவேதியியலாளர் டெட் ரிங்வுட் இயற்கையிடமே விடை தேடினார். சிர்க்கோனோலைட் போன்ற தாதுக்கள் யுரேனியத்தையும் தோரியத்தையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நழுவவிடாமல் வைத்திருக்கின்றன. கதிர்வீச்சால் படிக அமைப்பு சிதைந்த பிறகும் பிடி தளர்வதில்லை. அந்தத் தாதுக்களைச் செயற்கையாக உருவாக்கியதே 'சின்ராக்' என்னும் பாறை. அதில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் இருப்பிடம் உண்டு: சீசியம் ஹாலண்டைட்டில், ஸ்ட்ரான்சியம் பெரோவ்ஸ்கைட்டில், புளூட்டோனியம் சிர்க்கோனோலைட்டில்.

செய்முறையும் நேர்த்தியானது. கழிவுக் கரைசலைத் தாதுக்களுக்கான சேர்மானங்களுடன் கலந்து உலர்த்தித் தூளாக்குகிறார்கள். அந்தத் தூளை உலோகக் கலத்தில் அடைத்து, காற்றை உறிஞ்சி, வாயைப் பற்றவைத்து மூடுகிறார்கள். பிறகு கலத்தைச் சூடேற்றியபடியே ஆர்கான் வாயுவால் எல்லாப் பக்கமும் நெருக்குகிறார்கள். கலம் நசுங்கிச் சுருங்க, உள்ளே இருக்கும் தூள் கல்லாக இறுகுகிறது. கலம் அடைபட்டிருப்பதால் அந்தச் சூட்டில் ஆவியாகும் சீசியமும் வெளியே தப்ப முடியாது. கன அளவு குறைவதால் நிலத்தடியில் புதைக்கத் தேவைப்படும் இடமும் குறைகிறது. பல தலைமுறைகளுக்குக் காவல் காக்க வேண்டிய சுமைக்கு இது சிறிய லாபமல்ல.

குறையும் உண்டு. கழிவின் சேர்க்கை மாறினால் பாறையின் செய்முறையையும் மாற்ற வேண்டும். தொழிற்சாலை அனுபவத்தில் கண்ணாடியே வெகுதூரம் முன்னால் நிற்கிறது. எனவே வழக்கமான கழிவுக்குக் கண்ணாடி போதும். புளூட்டோனியத்துக்குச் சின்ராக் வகைப் பாறையே ஏற்றது. செல்லாஃபீல்டு அணு வளாகத்தில் குவிந்துள்ள சுமார் 140 டன் புளூட்டோனியத்தை எரிபொருளாக்காமல் திடப்பொருளில் முடக்கிப் புதைப்பதென்று பிரிட்டன் 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. அங்கே ஆராயப்படும் வழிகளில் கலத்தைச் சூடேற்றி நெருக்கும் இந்த முறையும் ஒன்று.